பூங்குருவி பார்க்கக் கிளம்புகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் கழுத்தை அண்ணாந்து மர உச்சியைத்தான் தேடுவார்கள். மரங்கொத்திக்கும் குக்குறுவானுக்கும் அது சரி. பூங்குருவிக்குச் சரிப்படாது. ஆங்கிலத்தில் த்ரஷ் என்று சொல்லும் பறவைகளைத்தான் நம் பறவை ஆர்வலர்கள் பூங்குருவி என்கிறார்கள். பேரைக் கேட்டு இது பூவைச் சுற்றும் குருவி என்று நினைத்துவிட வேண்டாம், இது சருகைச் சுற்றும் பறவை.

கொடைக்கானல் பாம்பே சோலையில் நீலகிரிப் பூங்குருவிக்காக மூன்று நாள் காலையில் அலைந்திருக்கிறேன். முதல் இரண்டு நாளும் கிளை கிளையாக பைனாகுலரை ஓட்டினேன், கழுத்து வலித்ததுதான் கண்டது. மூன்றாம் நாள் ஒரு வேரின் மேல் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கைத் திறக்கும்போது பத்தடி தள்ளிச் சருகு புரளும் சத்தம் கேட்டது. எலியாக இருக்கும் என்று சும்மா இருந்தேன். காய்ந்த இலை ஒன்று பக்கவாட்டில் எகிறி விழுந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம்தான் அந்தச் சருகுகளுக்கு நடுவே பொன்பழுப்பு உடம்பில் கறுப்புப் பிறைகள் வரைந்த மாதிரி ஒரு பறவை நிற்பது தெரிந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கேதான் நின்றிருக்கும். அன்றைக்கு இருபது நிமிடத்தில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் அதற்கப்புறம் எந்த ஊரில் எந்தப் பூங்குருவியைத் தேடினாலும் தேடுகிறேன். அதைப் படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

படி 1: எது பூங்குருவி, எது இல்லை

பூங்குருவிக் குடும்பத்தில் 170க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அண்டார்டிகாவை விட்டால் எல்லாக் கண்டங்களிலும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் டுர்டஸ் என்ற ஒரே பேரினத்தை, அதாவது நெருங்கிய சொந்தமான இனங்களின் தொகுதியை, சேர்ந்தவை. அதனால்தான் லண்டன் புல்தரையில் ஓடுவதும் பொகோட்டா பூங்காவில் ஓடுவதும் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரித் தெரிகின்றன. பெரும்பாலானவை மைனா அளவு அல்லது அதைவிடச் சற்றுச் சிறியவை. நிமிர்ந்த நிற்கை, நீளமான உறுதியான கால், மெல்லிய நேரான அலகு, பெரிய கண். நிழலில் இரை தேடும் பறவைக்குப் பெரிய கண் வேண்டும், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அடையாளம் குஞ்சுகள். பெற்றோர் முழுக் கறுப்பாக இருந்தாலும் சரி, நீலமாக இருந்தாலும் சரி, கூட்டை விட்டு வந்த இளம் பறவைகளுக்கு மார்பில் புள்ளி இருக்கும். வட அமெரிக்காவின் நீலநிற புளூபேர்ட்கள் பூங்குருவிக் குடும்பம் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை, அவற்றின் புள்ளி மார்புக் குஞ்சைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள்.

பேரை நம்பி ஏமாறுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். சிரிப்பான்களை ஆங்கிலத்தில் லாஃபிங்த்ரஷ் என்பார்கள், ஆனால் அவை தவிட்டுக்குருவிக்கு நெருங்கிய சொந்தம். பாறைகளிலும் கல்குவாரிகளிலும் குளிர்காலத்தில் வந்து நிற்கும் நீலப் பூங்குருவியும், நம் மலையருவிகளில் சிறுவன் சீட்டி அடிப்பது போலப் பாடும் சீகாரப் பூங்குருவியும் நீண்ட காலம் இந்தக் குடும்பத்தில்தான் இருந்தன. 2010 வாக்கில் வந்த மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு அவை ஈப்பிடிப்பான் குடும்பத்துக்குப் போய்விட்டன. நம் வீட்டுத் தோட்டத்துக் குண்டுகரிச்சானும் அங்கேதான் இருக்கிறது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு, ஏனென்றால் நம்மில் பலருக்குப் பூங்குருவி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சீகாரப் பூங்குருவியின் விடியற்காலைச் சீட்டிதான். பேரை மாற்ற வேண்டியதில்லை, குடும்பம் வேறு என்று மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

இதே குழப்பம் ராபினிலும் உண்டு. ஐரோப்பாவின் சின்ன ராபின் ஈப்பிடிப்பான் குடும்பம், அமெரிக்காவின் பெரிய ராபின் அசல் பூங்குருவி. அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்கள் செம்மார்பைப் பார்த்து ஊர் நினைவில் வைத்த பெயர் அது.

படி 2: நடையைப் படியுங்கள்

நிறத்தை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் நடையைப் பழகுங்கள். நாலைந்து எட்டு விறுவிறுவென ஓடும். சட்டென்று நிற்கும். தலையைச் சாய்க்கும். ஒரு நொடி ஆடாது அசையாது. அப்புறம் ஒரே கொத்து. புல்தரையில் இரை தேடும் பூங்குருவிகள் பெரும்பாலும் இப்படித்தான். காட்டுக்குள் இருப்பவை ஓடுவதைவிடச் சருகைப் புரட்டுவது அதிகம், அலகால் இலையைக் கவ்விப் பக்கவாட்டில் வீசும்.

தலையைச் சாய்ப்பது பார்க்கவா, கேட்கவா என்று ஆராய்ச்சியாளர்களே மாறி மாறிச் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கன் ராபினை வைத்து 1965-ல் வந்த ஆய்வு, மண்புழுவைக் கண்ணால்தான் கண்டுபிடிக்கிறது என்றது. 1997-ல் வந்த வேறொரு ஆய்வில், புழுவைப் பார்க்க முடியாதபடி மண்ணுக்குள் மறைத்து வைத்தும் ராபின்கள் காதை வைத்தே கண்டுபிடித்துவிட்டன. உங்களுக்கு இதில் பயன் என்னவென்றால், பறவை தலையைச் சாய்த்து நிற்கும் அந்த நொடியில் நீங்கள் காலை எடுத்து வைத்தால் உங்கள் செருப்புச் சத்தமும் அதன் காதில் விழும். அது ஓடும்போது நகருங்கள், நிற்கும்போது நில்லுங்கள்.

இந்த ஓடி நிற்கும் நடை கண்ணுக்குப் பழகிவிட்டால் ஐம்பது மீட்டர் தள்ளி, வெளிச்சம் வராத நேரத்தில்கூட இது பூங்குருவி என்று சொல்லிவிடலாம். மைனா நடக்கும், தவிட்டுக்குருவி கும்பலாகத் தத்தும், இது தனியாக ஓடி நிற்கும்.

படி 3: உங்கள் ஊர்ப் பூங்குருவியிலிருந்து ஆரம்பியுங்கள்

நான் பார்க்கும் பெரிய தவறு, புதியவர்கள் புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து எல்லா இனங்களையும் படிக்கத் தொடங்குவது. வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருப்பது எது என்று பாருங்கள். அந்த ஒன்றை நன்றாகப் பழகிவிட்டால் அது அளவுகோலாகிவிடும், மற்றவை எல்லாம் அதைவிடச் சிறியது, அதைவிட வெளிறியது என்று தானாக மனசில் உட்காரும்.

சென்னைக்காரர்களுக்குச் செந்தலைப் பூங்குருவி. ஆரஞ்சுத் தலையும் மார்பும், நீலச்சாம்பல் முதுகும். அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும் கிண்டிக் காட்டிலும் அடையாறின் பழைய மரத்தோப்புகளிலும் சருகுக்குள் இருக்கும். கோடியக்கரையிலும் வலசைக் காலத்தில் தேடிப் பார்க்கலாம். இதில் இரண்டு வகை உண்டு. இமயத்திலிருந்து வருவதற்கு முகம் சுத்தமான ஆரஞ்சு. தீபகற்பத்தில் இனப்பெருக்கம் செய்வதற்கு முகம் வெள்ளை, அதில் நெட்டுக்குத்தாக இரண்டு கருங்கோடு. இந்த ஒரு வித்தியாசத்தைக் குறித்துவைக்கப் பழகுங்கள், அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதையே அது சொல்லிவிடும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இந்தியன் பிளாக்பேர்ட். ஊட்டியில் தோட்டங்களிலும் சோலை ஓரங்களிலும் காலையில் சாதாரணமாகப் பார்க்கலாம். ஆண் கருஞ்சாம்பல், அலகும் கண்வளையமும் காலும் ஆரஞ்சு மஞ்சள். முன்பெல்லாம் ஐரோப்பிய பிளாக்பேர்டின் ஒரு வகையாக இதை வைத்திருந்தார்கள், இப்போது தனி இனம். நீலகிரிப் பூங்குருவி அப்படிக் கண்முன்னே வராது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை, அடர்ந்த சோலையின் ஈரத் தரைதான் அதன் இடம். ஊட்டியில் கெய்ர்ன்ஹில், கொடைக்கானலில் சோலைக்குள் போகும் பாதைகள், இந்த மாதிரி இடங்களில் வெயில் தரையில் விழும் முன் போனால் வாய்ப்பு உண்டு. விரட்டப்பட்டால் தாழ்ந்த கிளையில் ஏறி அப்படியே உறைந்துவிடும். நீங்களும் உறைந்துவிட்டால் சில நிமிடத்தில் இறங்கிவந்து விட்ட இடத்தில் சருகைப் புரட்டத் தொடங்கும்.

இலங்கையில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இறக்கையில் இரண்டு வரிசை வெள்ளைப் புள்ளியும் மார்பு நிறையக் கரும்புள்ளியும் கொண்ட ஸ்பாட்-விங்டு த்ரஷ் உங்கள் தீவுக்கு மட்டுமே சொந்தம். சிங்கராஜாவிலும் கித்துல்கலையிலும் விடியலிலும் மங்கலிலும் அது பாடுவதைக் கேட்டு அப்படியே நின்றுவிடலாம். செதில் செதிலான முதுகுள்ள ஸ்ரீலங்கா த்ரஷ்ஷும் அங்கே மட்டும்தான். குளிர்காலத்தில் நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குப் போங்கள். இமயமலையில் குஞ்சு பொரித்துவிட்டு, பைட் த்ரஷ் என்ற கறுப்பு வெள்ளைப் பூங்குருவி அவ்வளவு தூரம் பறந்து வந்து அந்தப் பூங்காவின் மரநிழலில் இரை தேடும். நகருக்கு நடுவில் உள்ள ஒரு பூங்கா, பக்கத்தில் சாக்கடை ஓடை, அதன் கரையில் இமயமலைப் பறவை. உலகம் முழுவதிலிருந்தும் அதைப் பார்க்கவே ஆட்கள் அங்கே வருகிறார்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் குளிர்கால விருந்தாளிகள்தான் முக்கியம். செந்தலைப் பூங்குருவி அங்கேயும் வரும், சைபீரியப் பக்கமிருந்து வெண்புருவம் கொண்ட ஐபுரோடு த்ரஷ் கூட்டமாகப் பழமரங்களுக்கு வரும். விடுமுறையில் மலேசியாவின் சபா மாநிலத்துப் பக்கம் போனால் கினபாலு மலையில் ஏறிப் பாருங்கள், அதன் உயரத்தில் வாழும் தீவுப் பூங்குருவியைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

லண்டன், பாரிஸ், ஓஸ்லோ என்று ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலிலேயே பிளாக்பேர்ட். சுவீடனின் தேசியப் பறவை அது. ஒரு காலத்தில் மனிதரைக் கண்டால் ஒளியும் காட்டுப் பறவையாக இருந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் மெல்ல மெல்ல நகரத் தோட்டங்களுக்கு வந்தது. அதைப் பழகியபின் சாங் த்ரஷ், மிசில் த்ரஷ் இரண்டையும் பிரித்தறியப் பழகுங்கள். சாங் த்ரஷ் சிறியது, மார்பின் புள்ளிகள் அம்புமுனை மாதிரி. மிசில் த்ரஷ் பெரியது, சாம்பல் சாயல், புள்ளிகள் உருண்டை, வயிறு தள்ளி நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். தோட்டத்தில் ஒரு கல்லைச் சுற்றி உடைந்த நத்தை ஓடுகள் கிடந்தால் அது சாங் த்ரஷ்ஷின் வேலை, நத்தையைக் கவ்வி அந்தக் கல்லில் அடித்து உடைத்துத் தின்னும், ஒரே கல்லுக்குத் திரும்பத் திரும்ப வரும். அந்தக் கல்லைக் கண்டுபிடித்தால் பறவையைத் தேட வேண்டியதில்லை, காத்திருந்தால் போதும். அக்டோபரில் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ஃபீல்ட்ஃபேரும் ரெட்விங்கும் பிரிட்டனுக்குக் கூட்டம் கூட்டமாக வரும். ரெட்விங்கை வெளிறிய புருவத்தையும் இறக்கைக்குக் கீழே உள்ள செந்நிறத்தையும் வைத்துச் சொல்லலாம்.

டொரண்டோவிலும் அமெரிக்க நகரங்களிலும் ராபினைத் தேடவே வேண்டாம், அது உங்கள் புல்தரையில்தான் இருக்கிறது. சன்னல் விளிம்பிலும் வாசல் விளக்கின் மேலும்கூடக் கூடு கட்டும், முட்டை தெளிவான நீலம். மெல்பர்னில் இருப்பவர்கள் வீட்டில் பார்க்கும் பிளாக்பேர்ட் 1850களில் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் சொந்தப் பூங்குருவி வேண்டுமென்றால் டாண்டினாங் மலைகளின் ஈரமான பள்ளத்தாக்குகளில் பாசியன் த்ரஷ்ஷைத் தேடுங்கள். நம் நீலகிரிப் பூங்குருவியை அறிந்தவர்களுக்கு அதைப் பார்த்தவுடன் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும், இரண்டும் ஒரே பேரினம், அதே பிறை வரிகள், அதே ஈரச் சருகு.

படி 4: இடத்தை வைத்துப் பறவையைச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பூங்குருவிகளில் பல இனங்கள் பழுப்பு முதுகும் புள்ளி மார்புமாக ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அவை நிற்கும் இடம் ஒரே மாதிரி இருக்காது. பறவையைப் பார்க்கும் முன் தரையில் என்ன கிடக்கிறது, மேலே மரம் என்ன, உயரம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு என்னிடம் உள்ள சிறந்த உதாரணம் அருணாசலப் பிரதேசத்தில் நடந்தது. இமயத்தில் பிளெய்ன்-பேக்டு த்ரஷ் என்று ஒரு பூங்குருவியை நெடுங்காலமாக ஒரே இனமாக எண்ணிவந்தார்கள். 2009 கோடையில் சுவீடனைச் சேர்ந்த பெர் ஆல்ஸ்ட்ரோமும் இந்தியாவின் சஷாங்க் தல்வியும் அங்கே மலையேறியபோது, ஊசியிலைக் காட்டுக்குள் இருந்தவை இனிமையாகப் பாடுவதையும், மரம் முடிந்து வெறும் பாறையும் புல்லுமாக இருக்கும் உயரத்தில் இருந்தவை கரகரவென்று பாடுவதையும் கவனித்தார்கள். பார்க்க இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. பாட்டு வேறு, வீடு வேறு. அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்த பறவைகளையும் மரபணுவையும் ஒப்பிட்டதில் அவை தனித்தனி இனங்கள் என்று உறுதியானது. 2016-ல் காட்டுக்குள் இருந்ததற்கு இமயக் காட்டுப் பூங்குருவி என்று பெயர் வந்தது, அதன் அறிவியல் பெயரில் இந்தியப் பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் இருக்கிறது. அது அரிதான பறவையும் இல்லை. அத்தனை பேர் கண்ணிலும் பட்டும் யாரும் இடத்தையும் குரலையும் சேர்த்து யோசிக்காததால்தான் அது தனி இனம் என்று அவ்வளவு காலம் தெரியாமல் இருந்தது.

ஆக, எங்கே என்ன எதிர்பார்க்கலாம் என்று சொல்கிறேன். திறந்த புல்தரை என்றால் மண்புழு தின்னும் பெரிய டுர்டஸ்கள்: ராபின், பிளாக்பேர்ட், ஆண்டீஸ் மலை நகரங்களான பொகோட்டாவிலும் கீட்டோவிலும் கிரேட் த்ரஷ், பிரேசிலில் தேசியப் பறவையான செவ்வயிற்றுப் பூங்குருவி. சாவோ பாவ்லோவில் அது இருட்டிலேயே பாடத் தொடங்கிவிடும். இலையுதிர் காட்டின் நிழல் தரை என்றால் அமெரிக்காவின் கிழக்கில் வுட் த்ரஷ். அது காட்டின் உட்பகுதியை நம்பியிருப்பது, காட்டைத் துண்டு துண்டாக வெட்டினால் ஓரங்களிலிருந்து கௌபேர்ட் என்ற பறவைகள் உள்ளே வந்து அதன் கூட்டில் முட்டையிட்டுவிடும், குளிர்காலத்தில் போய்த் தங்கும் மத்திய அமெரிக்கக் காடும் குறைந்துவருகிறது, இரண்டு பக்கமும் அடி. மேற்குக் கரையோரம் பாசி படர்ந்த பழங்காடு என்றால் வேரிட் த்ரஷ். மரமில்லாத மலைச்சரிவு என்றால் ஐரோப்பாவில் கழுத்தில் வெள்ளைப் பிறை போட்ட ரிங் ஊசெல், இமயத்தில் 4,000 மீட்டருக்குக் கிட்ட நீலக் கடல்போலக் கூட்டமாகப் பறக்கும் கிராண்டாலா. கிராண்டாலாவையும் இந்தக் குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள், பார்த்தவர்கள் பிறகு வேறு எதைப் பற்றியும் கொஞ்ச நாள் பேசமாட்டார்கள்.

தீவுகள் தனிக்கதை. தீவுப் பூங்குருவி என்று அழைக்கப்படுவது தைவானிலிருந்து சமோவா வரைக்கும் தீவுகளின் மலையுச்சிகளில் சிதறிக் கிடக்கிறது. ஏறத்தாழ 50 வடிவங்கள். ஓரிடத்தில் முழுக் கறுப்பு, இன்னோரிடத்தில் வெள்ளைத் தலை, வேறோரிடத்தில் செந்நிற வயிறு. இதை ஒரே இனம் என்பதா பல இனங்கள் என்பதா என்று அறிஞர்கள் இன்னும் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். தெற்கு அட்லாண்டிக்கின் நடுவே திரிஸ்தான் ட குன்யா தீவுக்கூட்டத்தில் உள்ள பூங்குருவிக்கு நாக்கின் முனை தூரிகை மாதிரி, அது கடற்பறவைகளின் முட்டையைக் குத்திக் குடிக்கும். மண்புழுவுக்குத் தலை சாய்த்த குடும்பத்தில் பிறந்ததுதான் அதுவும்.

படி 5: காதைத் தயார் செய்யுங்கள்

பூங்குருவிகளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கண்டுபிடிப்பதே அதிகம். உங்கள் ஊர்ப் பறவையின் பாட்டை ஜீனோ-காண்டோ தளத்தில் இலவசமாகக் கேட்கலாம். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு இனம், அவ்வளவுதான். சமைக்கும்போதும் பேருந்திலும் கேளுங்கள்.

கேட்கும்போது எதைக் கவனிப்பது? முதலில் திரும்பச் சொல்கிறதா என்று பாருங்கள். சாங் த்ரஷ் ஒரு சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போகும். பிளாக்பேர்ட் நிதானமாக, புல்லாங்குழல் போல, திரும்பச் சொல்லாமல் பாடி இழுத்து முடிவில் கிறீச்சிடும். மிசில் த்ரஷ் புயல் காற்றிலும் உச்சாணிக் கொம்பில் நின்று பாடும். அடுத்து, சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேளுங்கள். வட அமெரிக்காவில் ஸ்வெய்ன்சன்ஸ் த்ரஷ்ஷின் பாட்டு சுழன்று மேலே ஏறும், வீரி என்ற பூங்குருவியின் பாட்டு சுழன்று கீழே இறங்கும். இரண்டையும் கேட்டவர்களுக்கு வாழ்நாள் முழுக்க மறக்காது.

பறவைகளின் குரல்பெட்டி மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருப்பதால் இரண்டு பக்கமும் தனித்தனி ஒலி எழுப்ப முடியும். வுட் த்ரஷ் இதை நன்றாகப் பயன்படுத்துகிறது, ஒரே பறவை தனக்குத் தானே சுருதி சேர்த்துப் பாடுவது போல இருக்கும். ஹெர்மிட் த்ரஷ் பற்றி 2014-ல் வந்த ஆய்வு ஒன்று, அதன் பல பாடல்களில் ஸ்வரங்கள் ஓர் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகளாக அமைகின்றன என்று காட்டியது. தம்புராவின் தந்தியை மீட்டினால் உள்ளே மேல்சுருதிகள் கேட்குமே, அந்த வரிசைதான். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பறவையைக் கேட்டதும் ஏன் அமைதியாகிறது என்று எனக்கு அதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

கோஸ்டா ரிகாவில் மண்நிறப் பூங்குருவி, அங்கே யிகுயிரோ, வறண்ட மாதங்களின் முடிவில் ஓயாமல் பாடும், அதற்கப்புறம் மழை வரும். அது மழையை அழைக்கிறது என்று உழவர்கள் சொல்வார்கள். நிறமே இல்லாத அந்தப் பழுப்புப் பறவையை, மக்கா கிளி, குவெட்சால் என்று வண்ணப் பறவைகள் எல்லாம் பறக்கும் நாட்டில், 1977-ல் தேசியப் பறவையாக்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தேசியப் பறவைத் தேர்வு இதுதான்.

மெர்லின் செயலியின் ஒலி அறியும் வசதி உதவும், ஆனால் அது சொல்வதைப் பட்டியலில் எழுதும் முன் கண்ணாலோ காதாலோ நீங்களே ஒரு தடவை சரிபாருங்கள்.

படி 6: நேரம், சாமான்கள்

விடிவதற்கு அரை மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும். மாலையில் வெளிச்சம் மங்கும் கடைசி முக்கால் மணி நேரமும் நல்லது. 8x42 பைனாகுலர், அதாவது எட்டு மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. முன்லென்ஸும் உள்ளது, போதும். அதிகப் பெருக்கம் வேண்டாம், நிழலில் வெளிச்சம்தான் முக்கியம். சலசலக்கும் மழைக்கோட்டை விட்டுவிட்டுப் பருத்தி உடை போடுங்கள்.

குளிர் நாடுகளில் இருப்பவர்கள் ஜனவரியில் பழம் உள்ள மரத்தைத் தேடிப் பிடியுங்கள். புழு உறைந்த மண்ணுக்குள் போனபின் எல்லாப் பூங்குருவிகளும் பழத்துக்கு வந்துவிடும். மிசில் த்ரஷ் ஒரு மரத்தைத் தன் சொத்தாக எடுத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்க மற்ற பறவைகளை விரட்டிக் காவல் காக்கும், அந்த மரத்தடியில் நின்றால் மற்ற இனங்களும் வந்து அடிபட்டுப் போவதைப் பார்க்கலாம். அக்டோபர் இரவுகளில் லண்டனில் சன்னலைத் திறந்து வையுங்கள். மேகம் மூடிய இரவில் மேலே இருட்டிலிருந்து மெல்லிய இழுத்த ‘ஸீஈப்’ கேட்டால் அது ரெட்விங், கடலைக் கடந்து அப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது.

படி 7: பழுப்புப் பறவைகளைப் பிரிப்பது

இங்கேதான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வட அமெரிக்கக் காட்டுப் பூங்குருவிகளைப் பார்க்கும்போது வரிசையாக இதைக் கேளுங்கள். வால் முதுகைவிடச் செம்மையா? ஆம் என்றால், வாலை வெடுக்கென்று தூக்கி மெதுவாக இறக்குகிறதா என்று பாருங்கள், அது ஹெர்மிட். கண்ணைச் சுற்றித் தெளிவான வெளிர்மஞ்சள் வளையமா? ஸ்வெய்ன்சன்ஸ். உடம்பு முழுக்க இலவங்கப்பட்டை நிறமும் மார்பில் மங்கிய புள்ளியுமா? வீரி. முகம் சாம்பலா? கிரே-சீக்டு, அல்லது பிக்னெல்ஸ். இந்த இரண்டையும் பிரிக்க அனுபவசாலிகளே திணறுவார்கள், 1995 வரைக்கும் இவை ஒரே இனமாகத்தான் இருந்தன. டிசம்பரில் பனிக்கு நடுவே இவற்றில் ஒன்றைப் பார்த்தால் ஹெர்மிட் என்று நினைப்பதே சரி, மற்றவை தெற்கே போயிருக்கும்.

நோட்டில் ஐந்து விஷயம் எழுதுங்கள்: தரை, உயரம், நேரம், என்ன செய்தது, என்ன ஒலி. நிறம் ஆறாவது. வீட்டுக்கு வந்ததும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றுங்கள். அடையாளம் உறுதியில்லை என்றால் பூங்குருவி இனம் என்று பொதுவாகப் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, தப்பாகப் போடுவதுதான் பிறகு ஆராய்ச்சி செய்கிறவரைக் குழப்பும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பொங்கல் சமயத்தில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்தால் அனுபவம் உள்ளவர்களோடு நடக்கலாம்.

படி 8: அவற்றுக்குத் தொல்லை தராமல் இருப்பது

பாட்டைப் பதிவு செய்து அந்தப் பறவைக்கே போட்டுக் காட்டி வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் அது சண்டைக்கு அலையும். சோலை ஓரத்தில் ஒரு குழு மொபைலில் சத்தமாக ஒலி போட்டு நீலகிரிப் பூங்குருவியை மாறி மாறி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன், படம் கிடைத்தது, பறவை அரை மணி நேரம் தரைக்கே இறங்கவில்லை. கூட்டை நெருங்கவும் வேண்டாம். ஃபீல்ட்ஃபேர் கூட்டமாகக் கூடு கட்டும், நெருங்கினால் எல்லாம் சேர்ந்து உங்கள்மேல் எச்சமிட்டே விரட்டிவிடும். மற்ற இனங்களுக்கு அந்தப் பலம் இல்லை.

பாடும் பறவை என்பதே சில இனங்களுக்கு ஆபத்து. இந்தோனேசியாவில் பாட்டுப் போட்டிக்காகக் கூண்டில் வளர்க்கும் வழக்கம் பெரியது. அங்கே அனிஸ் மேரா என்று அழைப்பது நம் சென்னைக்கு வரும் அதே செந்தலைப் பூங்குருவியைத்தான். அனிஸ் கெம்பாங் என்ற செந்தொப்பிப் பூங்குருவி பிடித்துப் பிடித்தே பல காடுகளில் இல்லாமல் போய்விட்டது. இந்தியாவில் காட்டுப் பறவையைப் பிடிப்பதும் விற்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் கண்டால் வாங்கி விடுவிக்காதீர்கள், அடுத்ததைப் பிடிக்க அது பணமாகப் போகும், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஹவாய்த் தீவுகளில் ஐந்து பூங்குருவி இனங்கள் இருந்தன. இப்போது மிச்சம் இரண்டு, ஓமாவோவும் புவாயோஹியும். கொசு வழியாக வந்த பறவை மலேரியா, எலி, காடழிப்பு எல்லாம் சேர்ந்து மற்றவற்றை முடித்தன. அதில் காமாவோ அழிந்துவிட்டது என்று அமெரிக்க அரசு 2023-ல்தான் அதிகாரபூர்வமாகப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஐரோப்பாவில் 2001-ல் வியன்னா பக்கம் பிளாக்பேர்ட்கள் செத்து விழுந்தபோது உசுட்டு என்ற வைரஸ் காரணம் என்று தெரிந்தது, அதுவும் கொசு வழிதான், 2020-ல் லண்டன் வரைக்கும் வந்துவிட்டது. தோட்டத்தில் பறவைக்குத் தண்ணீர்த் தட்டு வைப்பவர்கள் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

தோட்டம் இருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம். மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமல் ஒரு மூலையிலாவது விட்டுவையுங்கள். நத்தைக்கு விஷ உருண்டை போடாதீர்கள், சாங் த்ரஷ் தின்பது அந்த நத்தையைத்தான். நான் இருந்த ஒரு வீட்டில் மாமரத்தடிச் சருகை வாரி எடுக்காமல் ஒரு வருடம் விட்டோம். அடுத்த டிசம்பரில் ஒரு காலை, பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது அங்கே ஓர் இலை பக்கவாட்டில் எகிறி விழுந்தது. கதவைப் பாதியில் பிடித்தபடி அப்படியே நின்றேன். ஆரஞ்சுத் தலை, முகத்தில் கோடு இல்லை. இமயத்திலிருந்து வந்தது.